எர்த் கம்பியைக் கழற்றினால் நிமிர்ந்துவிடும் நீர்த்தாரை

கம்பளியால் தேய்த்த பி.வி.சி. குழாயை அருகில் கொண்டுபோனால் மெல்லிய நீர்த்தாரை அதன் பக்கம் வளைகிறது. எண்ணெய்த்தாரை அசையாமல் விழுகிறது. நீரின் மூலக்கூறு முனைவுள்ளது (ஒரு முனை சற்று நேர் மின்னூட்டமும் மறுமுனை சற்று எதிர் மின்னூட்டமும் கொண்டது), எண்ணெயின் மூலக்கூறு முனைவற்றது, அதனால்தான் இந்த வேறுபாடு என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வது வகுப்பறை வழக்கம். பாலக்கோட்டுப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி, அந்த விளக்கத்தை அளந்து பார்க்க வேண்டிய இடத்துக்கு என்னைக் கொண்டுவந்தது. "சார், அப்படின்னா ஒவ்வொரு திரவமும் எவ்வளவு வளையுதுன்னு அளந்தா, எது அதிக முனைவு, எது கம்மின்னு வரிசைப்படுத்திடலாமா?"

வரிசைப்படுத்த முடியாது என்பதே விடை. அந்த விடையை நம்பத் தகுந்த அளவீடுகளோடு சொல்லக்கூடிய கருவி இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. அதைக் கட்டிய முறையையும், எங்கே தடைப்பட்டது என்பதையும், என்ன செலவானது என்பதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தாரையைப் பற்றி. குழாயடியில் தண்ணீரை மெல்லியதாகத் திறந்துவிட்டுக் காட்டுவது பார்வைக்குப் போதும், அளப்பதற்குப் போதாது. நீர்த்தொட்டியின் மட்டம் இறங்க இறங்கத் தாரையின் வேகம் மாறுகிறது, வேகம் மாறினால் வளைவும் மாறுகிறது. ஆகவே மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப்ஸ் செட் ஒன்றும், 18 கேஜ் ஊசிகளும் வாங்கினேன். அந்த ஊசியின் உள்விட்டம் சுமார் 0.84 மி.மீ. அதன் கூர்முனை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் தாரை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். சாணைக்கல்லில் தேய்த்து முனையைச் சமமாக்கி, உள்ளே ஒட்டிய பிசிறை மெல்லிய செம்புக் கம்பியால் நீக்கிய பிறகுதான் தாரை நேராக இறங்கியது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை மேசைக்கு மேலே கம்பியில் கட்டி, ஊசிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய அரை மீட்டர் உயரம் வைத்தேன். சிறிது சிறிதாக நீர் ஊற்றி மட்டத்தைக் காத்தால், 100 மி.லி. நீர் இறங்க இரண்டரை நிமிடம் பிடிக்கிறது. அந்தக் கணக்கில் தாரையின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். ஊசியிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் வரை தாரை கண்ணாடிக் கோல்போல் தொடர்ச்சியாக இருக்கிறது. அதற்குக் கீழே அது துளிகளாக உடைந்துவிடுகிறது. கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளியாக எடுத்துப் பார்த்தால் இந்த உடைவு தெளிவாகத் தெரியும். பிற்பாடு இந்த நான்கைந்து சென்டிமீட்டர்தான் முழு விஷயத்தையும் விளக்கியது.

தாரைக்குப் பின்னால் ஒரு வரைபடத் தாளை அட்டையில் ஒட்டி நிறுத்தினேன். ஊசிமுனையிலிருந்து 30 செ.மீ. கீழே தாரை எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்பதே அளவு. கண்ணால் பார்க்கும்போது தலையைச் சற்றுத் திருப்பினாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிழை வருவதால், கைப்பேசியைத் தாங்கியில் நிலையாக வைத்துப் படமெடுத்து, படத்தில் கட்டங்களை எண்ணினேன்.

மின்னூட்டத்துக்கு முக்கால் அங்குல பி.வி.சி. குழாய், ஒரு மீட்டர் நீளம். பழைய கம்பளிப் போர்வையின் துண்டால் தேய்த்தால் அது எதிர் மின்னூட்டம் பெறும். சீப்பு, பலூன், அளவுகோல் எல்லாம் முயன்று பார்க்கத் தகுந்தவையே. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மின்னூட்டம் தருவதில் குழாய்க்கு ஈடு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சோதனையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது குழாயின் மேற்பரப்பு வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். காலையில் ஓர் அளவும் பிற்பகலில் வேறோர் அளவும் கிடைக்கும். எங்கள் பகுதியில் தை, மாசி மாதங்களின் வறண்ட காற்று இதற்கு மிகவும் ஏற்றது. குழாயைத் தொடங்குமுன் அரை மணி நேரம் வெயிலில் வைத்து, முப்பது முறை ஒரே திசையில் தேய்த்து, உடனே தாங்கியில் பொருத்தினால் அளவுகள் ஏறக்குறைய ஒத்துவருகின்றன. குழாயை ஊசிமுனைக்கு 5 செ.மீ. கீழே, தாரைக்கு 3 செ.மீ. தள்ளிக் கிடைமட்டமாக வைத்தேன். அதைவிட நெருக்கினால் துளிகள் தாவிக் குழாயிலேயே ஒட்டிக்கொள்கின்றன. நனைந்த குழாயைத் துடைத்துக் காயவைத்துத்தான் மறுபடி தேய்க்க முடியும்.

முதல் தடை இங்கேதான் வந்தது. குழாயை வைத்தவுடன் நீர்த்தாரை நன்றாக வளையும். பத்துப் பதினைந்து நொடிகளில் மெல்ல மெல்ல நிமிர்ந்து, பழைய இடத்துக்கே போய்விடும். மின்னூட்டம் கசிகிறது என்று எண்ணிக் குழாயை மாற்றிப் பார்த்தேன், கம்பளியை மாற்றினேன், தாங்கியின் மரப்பிடிக்கு மெழுகு பூசினேன். எதுவும் உதவவில்லை. ஆனால் நிமிர்ந்துபோன தாரைக்கு அருகிலிருந்து அதே குழாயை எடுத்து, காகிதத் துணுக்குகளின் மேல் பிடித்தால் அவை முன்போலவே துள்ளிவந்து ஒட்டின. குழாயில் மின்னூட்டம் அப்படியே இருக்கிறது. மாறியது தாரையின் பக்கம்தான்.

தற்செயலாக ஊசியின் உலோகப் பகுதியை விரலால் தொட்டபோது, நிமிர்ந்திருந்த தாரை அந்த நொடியே வெடுக்கென்று வளைந்தது. விரலை எடுத்தால் மறுபடி மெல்ல நிமிர்ந்தது. தொட்டால் வளைவு, விட்டால் நிமிர்வு என்று இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகாட்டலாம். ஊசியில் முதலைவாய்க் கிளிப் ஒன்றை மாட்டி, அதிலிருந்து கம்பி இழுத்து, வாசலில் அடித்த இரும்புக் கம்பியில் கட்டினேன். எங்கள் ஊரில் ஓர் அடிக்குக் கீழே பாறை வந்துவிடும் என்பதால் கம்பி அதற்கு மேல் இறங்கவில்லை. நிலைமின்னுக்கு அந்த ஓர் அடியே தாராளம். எர்த் கம்பி கட்டிய பிறகு வளைவு மணிக்கணக்கில் நிலையாக நின்றது. கம்பியைக் கழற்றினால் சில நொடிகளில் தாரை நிமிர்ந்துவிட்டது.

இந்தக் காட்சியை மூலக்கூறு முனைவை மட்டும் வைத்து விளக்க முடியாது. எர்த் கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீர் மூலக்கூறின் முனைவு அதேதான். கம்பி மாற்றுவது ஒன்றே ஒன்றை: ஊசிக்கும் தரைக்கும் இடையே மின்னூட்டம் ஓட வழி. எதிர் மின்னூட்டமுள்ள குழாய் அருகில் இருக்கும்போது, தரையிலிருந்து ஊசி வழியாக நேர் மின்னூட்டம் தாரைக்குள் இழுக்கப்படுகிறது. தாரை துளிகளாக உடையும்போது அந்த மின்னூட்டம் துளிகளிலேயே சிறைப்பட்டுக் கீழே போகிறது. தரைத்தொடர்பு இல்லாவிட்டால், துளிகள் நேர் மின்னூட்டத்தை எடுத்துச் செல்லச் செல்ல ஊசியும் பாட்டில் நீரும் எதிர் மின்னூட்டம் சேர்த்துக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் புதிதாக மின்னூட்டம் தாரைக்குள் வர முடியாமல் போகிறது, வளைவும் நின்றுவிடுகிறது. பாடநூலில் நாம் நடத்தும் நிலைமின் தூண்டல்தான் இது. 1867-இல் இயற்பியலாளர் கெல்வின் அமைத்த நீர்த்துளி மின்னாக்கி, விழும் துளிகளில் இப்படித் தூண்டப்படும் மின்னூட்டத்தைச் சேகரித்தே ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தை உண்டாக்குகிறது.

விளக்கம் பொருந்துகிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ள முடியாது. துளிகளில் உண்மையிலேயே மின்னூட்டம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலின் மூடியில் செம்புக் கம்பி செருகி, கம்பியின் அடியில் மிட்டாய்த் தாளின் அலுமினிய இலைகள் இரண்டைத் தொங்கவிட்டு, மின்னூட்டம் வந்தால் இலைகள் விரிந்து காட்டும் நிலைமின்காட்டி ஒன்று செய்தேன். தெர்மாகோல் கட்டையின் மேல் எவர்சில்வர் டம்ளரை வைத்து, வளைந்துவரும் துளிகள் அதில் விழுமாறு நகர்த்தி, டம்ளரை நிலைமின்காட்டியின் கம்பியோடு இணைத்தேன். அரை நிமிடத்துக்குள் இலைகள் விரிந்தன. விரிந்திருந்த நிலையில் தேய்த்த குழாயை மின்காட்டியின் தலைக்கு மேலே மெதுவாகக் கொண்டுவந்தபோது இலைகள் சுருங்கின. ஆகவே டம்ளரில் சேர்ந்தது குழாய்க்கு எதிர்க்குறியுள்ள நேர் மின்னூட்டம். பிறகு கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியால் தேய்த்து அதே சோதனையைச் செய்தபோது தாரை அதன் பக்கமும் வளைந்தது, டம்ளரில் இம்முறை எதிர் மின்னூட்டம் சேர்ந்தது. எந்தக் குறியுள்ள கோலை நீட்டினாலும் நீர் கவரப்படுகிறது என்பதை முனைவுக்குச் சான்றாகக் காட்டுவது உண்டு. தூண்டலும் அதே விளைவையே தருமாதலால் அந்தச் சான்று எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாது.

அடுத்த கட்டம் திரவங்களை மாற்றிப் பார்ப்பது. தண்ணீரிலேயே நான்கு வகை எடுத்தேன். எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீர், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 1,100-க்கு மேல் காட்டும் கடின நீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வரும் காவிரி நீர், 350-க்குச் சற்றுக் குறைவு. வீட்டு ஆர்.ஓ. நீர், 40. கடையில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர், 3. கரைந்த உப்பில் முந்நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தும், வளைவு எல்லாவற்றுக்கும் 24 முதல் 26 மி.மீ. வரைதான். அயனிகள்தான் மின்னூட்டத்தைச் சுமக்கின்றன என்றால் டிஸ்டில்டு நீர் குறைவாக வளைய வேண்டாமா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நேரக் கணக்கு அதற்கு விடை தருகிறது. ஒரு திரவத்துக்குள் மின்னூட்டம் இடம்மாறி அமைய எடுக்கும் நேரம், அதன் விடுதிறனை (மின்புலத்துக்கு அந்தத் திரவம் எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பதன் அளவு) மின்கடத்துத்திறனால் வகுத்தால் கிடைக்கும். டிஸ்டில்டு நீருக்குக்கூட அது சில மைக்ரோ நொடிகளே. ஊசியிலிருந்து உடையும் இடத்துக்குத் தாரை வந்துசேர நாற்பது மில்லி நொடிகள் ஆகின்றன. மின்னூட்டம் வந்து நிறைய ஆயிரக்கணக்கான மடங்கு அவகாசம் இருக்கிறது. கடின நீருக்கு அதைவிடக் கூடுதல் அவகாசம் இருந்தும் அதனால் கூடுதல் பயன் இல்லை.

மின்னணுப் பழுதுபார்ப்புக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதத் தூய்மையுள்ளது, அடுத்தது. கை கழுவும் திரவத்தில் நீர் கலந்திருக்கும் என்பதால் அது உதவாது. இதன் ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்ட விடுதிறன்) நீரின் 80-க்கு எதிரே சுமார் 18 மட்டுமே. மூலக்கூறின் முனைவை டிபை என்ற அலகில் அளக்கும் இருமுனைத் திருப்புத்திறனும் நீரின் 1.85 டிபையைவிடச் சற்றுக் குறைவு. வளைவின் அளவு முனைவைப் பொறுத்ததானால் இது நீரைவிடக் குறைவாக வளைந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 29 மி.மீ.; நீரைவிட அதிகம். அடர்த்தி நீரில் ஐந்தில் நான்கு பங்கே என்பதால் அதே விசைக்கு அதிகம் விலகுகிறது. மாணவி கேட்ட வரிசைப்படுத்தல் இந்த ஒரு திரவத்திலேயே உடைந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆல்கஹாலின் ஆவி எளிதில் தீப்பற்றும். நாம் கையில் வைத்திருப்பது பொறி விடக்கூடிய குழாய். ஆகவே 100 மி.லி.க்கு மேல் எடுக்காமல், திறந்த வெளியில், காற்று வீசும் திசைக்கு எதிரே நின்று, ஈரச் சாக்கையும் மணல் வாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே செய்தேன். மாணவர்களுக்குக் காணொளியை மட்டும் காட்டினேன். நீரைவிட அதிக இருமுனைத் திருப்புத்திறன் கொண்ட அசிட்டோனை இந்தக் காரணத்துக்காகவே விலக்கிவிட்டேன். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். மண்ணெண்ணெயின் தீப்பற்றுநிலை நாற்பது டிகிரிக்குச் சற்றுக் கீழே. தர்மபுரியின் சித்திரை வெயில் அந்த அளவைத் தொட்டுவிடும் என்பதால், அதையும் மார்கழிக் காலையில், முற்றத்தில்தான் செய்ய வேண்டும்.

மண்ணெண்ணெய் அதே ஊசியில், ஏறக்குறைய அதே வேகத்தில் இறங்கியது. விலகல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தாரையின் தடிப்பிலேயே அது மறைந்துவிடுகிறது. டம்ளரில் சேர்ந்த மண்ணெண்ணெய் மின்காட்டியின் இலைகளை அசைக்கவில்லை.

இதைப் பார்த்தவுடன், "அப்படியானால் முனைவற்றது வளையவில்லை என்ற பழைய விளக்கம் சரிதானே?" என்று தோன்றும். எனக்கும் அந்த ஐயம் சில நாள் இருந்தது. ஒரு சிறிய கணக்கு அதைத் தீர்த்தது. தாரைக்குக் குறுக்காக மின்புலம் பாயும்போது, மூலக்கூறுகளின் முனைவாக்கத்தால் (புலத்தால் அவற்றின் நேர், எதிர் முனைகள் விலகியோ திரும்பியோ நிற்பதால்) மட்டும் வரும் விசை, ஒப்புமை விடுதிறனிலிருந்து ஒன்றைக் கழித்து, அதை ஒப்புமை விடுதிறனோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்த எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நீருக்கு அது 79/81, அதாவது 0.98. மண்ணெண்ணெயின் விடுதிறன் ஏறக்குறைய 2. ஆகவே 1/3, அதாவது 0.33. முனைவாக்கம் மட்டுமே காரணமானால் நீர் மண்ணெண்ணெயைப்போல் மூன்று மடங்கு வளைய வேண்டும்; அடர்த்தியையும் சேர்த்தால் மூன்று மடங்குகூட வராது. நாம் காண்பதோ இருபத்தைந்து மடங்குக்கு மேல். அந்த மிச்சம் முழுவதும் தூண்டப்பட்ட மின்னூட்டத்தின் பங்கு. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பங்கு கிடைக்காததற்குக் காரணம் மறுபடியும் நேரம்தான்: அதன் மின்கடத்துத்திறன் அவ்வளவு குறைவு என்பதால், மின்னூட்டம் உள்ளே வந்து அமையப் பல நொடிகள் வேண்டும், கிடைப்பதோ சில பத்து மில்லி நொடிகள்.

முனைவாக்கத்தின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. துளிகள் உடையும் இடத்தில் மின்புலமே இல்லாமல் செய்துவிட்டால், அவை மின்னூட்டமின்றிப் பிறக்கும். பிறகு குழாயைக் கடக்கும்போது அவற்றின்மீது செயல்படுவது முனைவாக்க விசை மட்டுமே. காலியான பால்மாவு டப்பாவின் அடியில் இரண்டு செ.மீ. துளையிட்டு, ஊசியும் முதல் பன்னிரண்டு செ.மீ. தாரையும் அதற்குள் இருக்குமாறு தொங்கவிட்டு, டப்பாவையும் எர்த் கம்பியில் இணைத்தேன். டப்பாவின் உள்ளே வார்னிஷ் பூச்சு இருப்பதால் கிளிப் மாட்டும் இடத்தை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்ட வேண்டும். சுரண்டாமல் மாட்டியபோது டப்பா தரையோடு இணையாமலேயே இருந்தது. குழாயை ஊசிக்கு 15 செ.மீ. கீழே இறக்கி வைத்தேன். துளிகள் டப்பாவுக்குள்ளேயே உடைந்து, துளை வழியாக வெளியே வந்து, குழாயைக் கடந்து விழுகின்றன.

டப்பா இல்லாமல் இதே இடவமைப்பில் நீர் 11 மி.மீ. விலகியது. டப்பாவை வைத்தவுடன் விலகல் ஒன்று, ஒன்றரை மி.மீ. ஆகச் சுருங்கியது, மின்காட்டி அசையவில்லை. டப்பாவின் எர்த் கம்பியைப் பிடுங்கினால் விலகல் பாதியளவு திரும்பி வந்தது. நீர் அதே நீர், மூலக்கூறு அதே மூலக்கூறு, கடந்து செல்லும் குழாயும் அதே குழாய். மிஞ்சிய அந்த ஒன்றரை மில்லிமீட்டரைத்தான் முனைவாக்கத்தின் நேரடிக் கணக்கில் எழுத முடியும். இந்த அளவீடு கிடைத்த மாலையில்தான் எனக்கு நிறைவு வந்தது.

எண்ணெய்களுக்கு ஊசி ஒத்துவராது. பிசுக்குமை காரணமாகச் சொட்டுக்கூட வரவில்லை. நான்கு மி.மீ. உள்விட்டமுள்ள செம்புக் குழாய்த் துண்டை மாட்டினேன். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவரிடம் இது வெட்டுத் துண்டாகக் கிடைக்கும். மருந்துக் கடை லிக்விட் பாரஃபின் மெல்லிய இழையாக இறங்கி, ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் விலகியது. ஆமணக்கெண்ணெய் இழை சுமார் 9 மி.மீ. விலகியது. எண்ணெய் வளையாது என்று மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள் இதைக் கண்டு வாயடைத்துப்போனார்கள். ஆமணக்கெண்ணெயின் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. அதன் விடுதிறனும் 4.5 அளவில், மற்றத் தாவர எண்ணெய்களைவிட அதிகம். பாரஃபினைவிட நன்றாக மின்கடத்தும். அதோடு அது மிக மெதுவாக இறங்குவதால் மின்னூட்டம் வந்துசேர நேரமும் கிடைக்கிறது, குழாயின் இழுப்பும் அதிக நேரம் செயல்படுகிறது. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்பதை இரண்டு எண்ணெய்களையும் ஒரே வேகத்தில் இறக்கினால்தான் பிரிக்க முடியும்; இந்தக் கருவியில் அது இயலவில்லை.

முனைவுக்கு இதில் பங்கே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பக்கத்துப் பிழையாகிவிடும். உப்பின் அயனிகளைப் பிரித்துத் தனித்தனியே நிறுத்திவைப்பது நீரின் அந்த முனைவுதான். தூய நீரிலேயேகூட ஒரு சிறு பகுதி மூலக்கூறுகள் அயனிகளாகப் பிரிந்திருப்பதும் அதனால்தான். விடுதிறன் உயர்ந்த திரவத்தில் எதிரெதிர் அயனிகளின் இழுப்பு தளர்கிறது, அவை தனியே நடமாட முடிகிறது, திரவம் மின்கடத்துகிறது, தாரை மின்னூட்டம் பெறுகிறது, வளைகிறது. மண்ணெண்ணெயில் அயனிகள் நிலைக்கவே முடியாது. ஆகவே முனைவுள்ள திரவம் வளைகிறது, முனைவற்றது வளைவதில்லை என்ற பாகுபாடு பெரும்பாலும் உண்மையாகவே அமைகிறது. மூலக்கூறுகள் குழாயை நோக்கித் திரும்பி நிற்பதால் தாரை இழுக்கப்படுகிறது என்று வரையும் படம்தான் முதன்மைக் காரணத்தை விட்டுவிடுகிறது. 1600-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட், தேய்த்த அம்பரை (கல்லாக இறுகிய மரப்பிசினை) அருகில் கொண்டுபோனால் நீர்த்துளி கூம்பாக எழும்புவதைக் குறித்துவைத்தார். இவ்வளவு பழைய காட்சிக்கான வகுப்பறை விளக்கத்தை 2000-ஆம் ஆண்டிலும் ஓர் அமெரிக்க வேதியியல் கல்வி இதழ் திருத்த வேண்டியிருந்தது. ஆசிரியர்கள் இந்தப் படத்தை இனியும் வரையத்தான் போகிறோம். அதன் பக்கத்தில் ஊசியையும் எர்த் கம்பியையும் சேர்த்து வரைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செலவு: பி.வி.சி. குழாய் 45 ரூபாய், டிரிப்ஸ் செட் 60, ஊசிகள் 20, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 180, லிக்விட் பாரஃபின் 75, ஆமணக்கெண்ணெய் 60, டிஸ்டில்டு வாட்டர் 25, டி.டி.எஸ். மீட்டர் 250. மொத்தம் 715 ரூபாய். செம்புக் குழாய்த் துண்டும், மண்ணெண்ணெயும், டப்பாவும், கம்பளியும் காசில்லாமல் கிடைத்தன. நீரை மட்டும் வைத்து, எர்த் கம்பி சோதனையையும் டப்பா சோதனையையும் காட்டப் போதுமென்றால் 125 ரூபாயில் முடித்துவிடலாம். ஒரு பாட வேளைக்குள் இரண்டும் அடங்கும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில உண்டு. டிரிப்ஸ் செட்டின் நடுவில் உள்ள சொட்டுக்கூடத்தை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட வேண்டும்; அங்கே நீர் சொட்டாக விழும்போது பாட்டிலுக்கும் ஊசிக்கும் உள்ள மின்தொடர்பு விட்டுவிட்டு அறுபடுகிறது, எர்த் இல்லாத நிலையில் தாரை நிமிர எடுக்கும் நேரம் அதனால் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. தேய்த்த குழாய்க்குப் பதிலாக நிலையான அழுத்தம் தரும் மூலம் ஒன்று வேண்டும். கொசு மட்டையின் மின்சுற்றைப் பயன்படுத்தலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள், ஆனால் அதன் மின்தேக்கி கையைச் சுடும் என்பதால் பள்ளியில் அதற்கு நான் சம்மதிக்கவில்லை. எண்ணெய்களுக்கு மட்டும் கீழிருந்து அழுத்தம் கொடுக்கும் மருந்தூசிக் குழல் அமைப்பு ஒன்றைச் செய்து, ஆமணக்கெண்ணெயும் பாரஃபினும் ஒரே வேகத்தில் வெளிவருமாறு பார்க்க வேண்டும். 50 மி.லி. மருந்தூசிக் குழலும், அதன் தண்டைத் தள்ள ஒரு நீள மரையாணியும் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன். மரையாணியை ஒரு சுற்றுக்கு ஒரே கால அளவில் திருப்ப, பழைய மேசை விசிறியின் பல்சக்கரப் பெட்டி பொருந்துமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.